எழுதப் படிக்கத் தெரியாதது நோயன்று

முப்பதுக்குப் பதினேழு. தில்லியில் நான் குடியிருக்கும் தெருவில் வசிக்கும் ஒரு தமிழ்ப் பாட்டியின் மருத்துவச் சீட்டில் சென்ற ஆண்டு எழுதப்பட்ட எண் இது. எண்ணுக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: டிமென்ஷியா, நடுத்தர நிலை. விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து, நாற்பது ஆண்டுகள் வீட்டுவேலை செய்து, மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர் அவர். பள்ளிக்கூடப் படியை மிதித்ததில்லை. தமிழும் இந்தியும் பேசுவார். வேலை செய்த வீடுகளின் பஞ்சாபியும் புரியும். கணவர் இறந்த பிறகு, கூப்பிட்டால் திரும்புவதில்லை, சொன்னதையே மறுபடி கேட்கிறார் என்று மகன் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். மொழி படிப்பவர் என்பதால் என்னையும் துணைக்குக் கூப்பிட்டார்கள். பாட்டியின் ஒப்புதலோடும், அவரை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியும் இதை எழுதுகிறேன்.

"இன்றைக்கு என்ன தேதி, என்ன மாதம்?" என்று இந்தியில் கேட்டார்கள். "ஆடி மூணாஞ் செவ்வாய்" என்றார் பாட்டி. கிழமைக்கு ஒரு மதிப்பெண் கிடைத்தது. தேதிக்கும் மாதத்துக்கும் சுழி. தாளில் ஆகஸ்ட் என்றிருந்தது. ஆண்டு தெரியவில்லை. மாவட்டம் தெரியவில்லை, நாங்கள் வாழும் பகுதி தில்லியின் எந்த மாவட்டத்தில் அடங்கும் என்று என்னைக் கேட்டிருந்தால் நானும் அன்று விழித்திருப்பேன். மின்தூக்கியில் ஏற்றி வரப்பட்டவரிடம் இது எத்தனையாவது தளம் என்றார்கள், அதுவும் போயிற்று. நூற்றிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னபோது, "எதுக்கு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். ஐந்து மதிப்பெண் இழப்பு. தாளில் எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்க, ஒரு வாக்கியம் எழுதுக, ஒன்றையொன்று வெட்டும் இரு ஐங்கோணங்களைப் பார்த்து வரைக என்ற மூன்றிலும் மூன்று. ஆகப் பதின்மூன்று. மூன்று சொற்களைச் சொல்லிச் சற்றுக் கழித்து அவற்றை நினைவுகூரச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. முப்பது மதிப்பெண்ணில் நினைவை நேராகத் தொட்டுப் பார்ப்பது அந்த மூன்றுதான். அதில் பாட்டி மூன்றும் பெற்றார்.

நினைவுச் சோதனையில் முழு மதிப்பெண் பெற்றவருக்கு மறதிநோய் என்று தீர்ப்பு வந்தது. அந்த மருத்துவர் அலட்சியமானவர் அல்லர். வெளியே எழுபது பேர் காத்திருந்தார்கள். அவர் கையில் கொடுக்கப்பட்ட தாளின்படி எண்ணினார். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. தவறு தாளில் இருக்கிறது என்பதே என் வாதம். அதைவிடப் பெரிய தவறு, அந்தத் தாள் யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று கேளாமல் அதை இந்நாட்டு முதியோர்மீது வைக்கும் நம் வழக்கத்தில் இருக்கிறது.

எம்.எம்.எஸ்.இ. எனப்படும் இந்தச் சோதனையை 1975இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் இணையரும் மெக்ஹ்யூவும் வெளியிட்டனர். 24க்குக் கீழே பெற்றால் ஐயப்பட வேண்டும் என்பது வழக்கமான எல்லை. இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஏழேழாகக் கழிப்பதற்கு 5, படிப்பதற்கு 1, எழுதுவதற்கு 1, வரைவதற்கு 1. பள்ளியில் பயின்ற கையும் கண்ணும் வேண்டுகிற மதிப்பெண்கள் மொத்தம் 8. மற்ற எல்லாவற்றையும் பிழையின்றிச் சொல்லிவிட்டு இந்த எட்டை மட்டும் இழப்பவர் 22 பெறுவார். அதாவது, பள்ளிக்குப் போகாத ஒருவர் பழுதற்ற நினைவோடு வந்து அமர்ந்தாலும் எல்லைக்குக் கீழேதான் நிற்பார்.

இது என் கற்பனைக் கணக்கன்று. சோதனை பிறந்த நாட்டிலேயே பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பெற்று 1993இல் வெளியான ஆய்வு, 9 ஆண்டுகளுக்குக் குறையாமல் படித்தவர்களின் இடைநிலை மதிப்பெண் 29 என்றும், 5 முதல் 8 ஆண்டு படித்தவர்களுக்கு 26 என்றும், நான்காண்டுக்கு மேல் படிக்காதவர்களுக்கு 22 என்றும் காட்டியது. கடைசிப் பிரிவினரில் பாதிப்பேராவது 24 என்ற எல்லைக்குக் கீழே இருந்தார்கள். இது தெரிந்து முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன.

இனி நம் நாட்டின் நிலை. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. அக்காலத்தில் பள்ளி வயதில் இருந்த சிறுமிகள்தாம் இன்று எண்பதைத் தொட்டு மருத்துவமனைகளின் நினைவுக் குறைபாட்டுப் பிரிவுகளில் காத்திருக்கிறார்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அறுபதைக் கடந்த ஆண்களில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் எழுத்தறிந்தவர்கள். பெண்களில் 28 விழுக்காட்டினர். பள்ளிக் கல்வியை உள்ளுக்குள் வைத்திருக்கும் ஒரு சோதனையை இந்த மக்கள்தொகைமீது வைத்தால் அது முதலில் பெண்களைப் பிடிக்கும். பிறகு சாதியாலும் வறுமையாலும் பள்ளி மறுக்கப்பட்டவர்களைப் பிடிக்கும். அன்று அவர்களுக்குப் பள்ளியை மறுத்தோம். அந்த மறுப்பின் தழும்பை இன்று நோய் என்று பெயரிட்டு அவர்கள் கையிலேயே கொடுக்கிறோம்.

"படிக்காதவர்களுக்குப் படிக்கும் வினாவை நீக்கிவிட்டால் போதுமே" என்று சிலர் சொல்வர். போதாது. எழுத்து, மனத்தின் மேல் போர்த்திய துணி அன்று. உள்ளே சில அறைகளையே மாற்றிக் கட்டிவிடுகிறது. லூரியா 1930களின் தொடக்கத்தில் உஸ்பெகிஸ்தானின் எழுத்தறியா உழவர்களிடம் சுத்தியல், ரம்பம், கோடரி, மரக்கட்டை ஆகியவற்றில் சேராததை எடுக்கச் சொன்னார். நான்கும் சேர்ந்தவையே, கட்டை இல்லாமல் ரம்பத்துக்கு என்ன வேலை என்ற போக்கில் அவர்கள் விடையளித்தார்கள். 'கருவிகள்' என்ற வகைப்பாட்டைப் பள்ளி விரும்புகிறது. வேலை செய்பவருக்கு வேலையே வகைப்பாடு. போர்ச்சுகலில் நடந்த ஆய்வுகள் இன்னும் நுட்பமானவை. எழுத்தறியாதவர்கள் உண்மைப் பொருள்களை நன்றாகவே பெயரிட்டார்கள். அதே பொருள்களின் கோட்டோவியத்தைக் காட்டியபோது பின்தங்கினார்கள். விலங்குகளின் பெயர்களை அடுக்கச் சொன்னபோது எழுத்தறிந்தவர்களைவிடக் குறைவாகச் சொன்னார்கள். கடையில் வாங்கும் உணவுப் பொருள்களை அடுக்கச் சொன்னபோது வேறுபாடே இல்லை. வினாவின் களம் மாறியதும் 'குறைபாடு' மறைந்துவிட்டது. நரம்பணு அழிந்தவருக்கு அப்படி மறையாது.

என் துறைக்கு நெருக்கமான ஒன்று: சொல்லின் முதல் ஒலியை நீக்கிச் சொல்லும்படி கேட்டபோது எழுத்தறியாத வயதுவந்தோரால் இயலவில்லை என்று 1979இல் மொராய்ஸ் குழுவினர் காட்டினர். ஒலியன் என்பது எழுத்துக் கற்றவருக்கே எளிதில் புலப்படும் அலகு. அதுவும் எந்த எழுத்தைக் கற்றார் என்பதைப் பொறுத்தது. 'கடல்' என்பதில் முதல் ஒலியை நீக்கினால் ஒலியனியல் தரும் விடை 'அடல்'. தமிழ் மட்டும் படித்தவர் 'டல்' என்றே சொல்வார். அவருக்குக் 'க' என்பது பிரியாத ஒரே எழுத்து. அவர் பிழை செய்யவில்லை. வேறு எழுத்துமுறையில் வாழ்கிறார்.

ஆங்கிலச் சோதனைகளில் ஓர் எழுத்தைக் கொடுத்து, ஒரு நிமிடத்தில் அதில் தொடங்கும் சொற்களை அடுக்கச் சொல்லும் பகுதி உண்டு. அதை அப்படியே தமிழாக்கி, 'ப' எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லுங்கள் என்றால் என்ன ஆகும்? 'பால்', 'பூ', 'பேய்' ஆகியவை சேருமா? 'ப'வும் 'பா'வும் 'பூ'வும் நம் நெடுங்கணக்கில் வெவ்வேறு எழுத்துகள். ஒருவர் 'ப'வோடு நின்று எட்டுச் சொல்வார். இன்னொருவர் வரிசை முழுவதையும் எடுத்துக்கொண்டு இருபது சொல்வார். இவர்களுக்கிடையே உள்ள பன்னிரண்டு சொல் வேறுபாடு மூளையில் இல்லை, வினாவில் இருக்கிறது. எழுத்தே அறியாத பாட்டிக்கோ வினாவே இல்லை.

எம்.எம்.எஸ்.இ.யில் திரும்பச் சொல்லும்படி கேட்கப்படும் ஆங்கிலத் தொடர், மூன்று இணைப்புச் சொற்களைப் பன்மையாக்கி அடுக்கியது. அது ஆங்கிலக் காதுக்குச் சற்றே இடறும். அந்த இடறலைக் கடக்கிறாரா என்று பார்ப்பதே அதன் நோக்கம். தமிழில் நிபந்தனையை 'ஆல்' என்ற விகுதி காட்டுகிறது. 'உம்' சொல்லின் வாலில் ஒட்டி நிற்கிறது. தனித்து எடுத்து அடுக்க அங்கே சொற்களே இல்லை. இதை எவ்வளவு உண்மையாக மொழிபெயர்த்தாலும் ஒன்று பொருளற்ற ஓசை வரும், அல்லது இடறாத எளிய தொடர் வரும். போதாக்குறைக்கு நமக்கு இரட்டை வழக்கு வேறு. வீட்டில் ஒருபோதும் ஒலிக்காத எழுத்துத் தமிழில் வினா கேட்டுவிட்டு, பேச்சுத் தமிழில் வாழ்ந்தவரின் தயக்கத்தை அறிதிறன் குறைவு என்று பதிவது மருத்துவப் பிழை மட்டுமன்று, மொழியியல் பிழை. இதைச் சுட்டவேண்டிய நாங்கள் பெரும்பாலும் மௌனமாக இருந்துவிட்டோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எதிர்வாதங்கள் மூன்று. மூன்றையும் நான் மதிக்கிறேன்.

முதலாவது: "கல்வி குறைந்தவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தருகிறோமே." மோகா என்ற சோதனையின் மூல வடிவம் 12 ஆண்டோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்க்கு 1 மதிப்பெண் கூட்டுகிறது. பிளஸ் டூ முடித்தவருக்கும் ஒன்று. பள்ளியே காணாதவருக்கும் அதே ஒன்று. அந்தத் தாளில் எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்க வேண்டும், கனசதுரம் வரைய வேண்டும், கடிகாரம் வரைய வேண்டும். பென்சில் பிடித்தறியாத கைக்கு இவ்வளவையும் வைத்துவிட்டு ஒரு மதிப்பெண்ணை ஈடாகத் தருவது கருணையும் அன்று, அறிவியலும் அன்று. இதை உணர்ந்துதான் எழுத்தறியாதவர்களுக்கென மோகா-பேசிக் என்ற தனி வடிவம் பின்னர் செய்யப்பட்டது. எத்தனை மருத்துவமனைகளின் மேசை இழுப்பறையில் அது இருக்கிறது?

இரண்டாவது, வலுவான வாதம்: "கல்விக் குறைவே டிமென்ஷியாவின் இடர்க்காரணி ஆயிற்றே. மதிப்பெண் குறைவது உண்மை நோயின் அடையாளமாகவும் இருக்கலாமே." ஆம், இருக்கலாம். லான்செட் ஆணையம் 2024இல் பட்டியலிட்ட, மாற்றத்தக்க 14 இடர்க்காரணிகளில் கல்விக் குறைவும் ஒன்று. அதனால்தான் கூடுகிறேன். கல்வி குறைந்தவர்களிடையே நோய் கூடுதல் என்றால் அவர்களிடம் நோயைப் பிரித்தறியும் கருவி பிறரிடத்தைவிடக் கூர்மையாக இருக்க வேண்டும். இன்றைய கருவி அவர்களிடத்தில்தான் மழுங்கலாக இருக்கிறது. நோயுற்றவரையும் நோயற்றவரையும் ஒரே எண்ணுக்குள் போட்டுக் கலக்கிவிட்டு, உள்ளே நோயாளியும் இருக்கிறார் என்று சொல்வது கண்டறிதல் ஆகாது.

பள்ளி ஒன்றே மூளைக்குப் பயிற்சி என்பதும் இல்லை. ஐதராபாத்தில் 648 டிமென்ஷியா நோயாளிகளிடம் சுவர்ணா அல்லாடி குழுவினர் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழி பேசுவோர்க்கு ஒருமொழி பேசுவோரைவிட ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் பிந்தியே நோய் தலைகாட்டியிருந்தது. எழுத்தறியாதவர்களிடமும் அந்த வேறுபாடு இருந்தது. அந்த முடிவைப் பற்றிய விவாதம் உலக அளவில் தொடர்கிறது. ஆனாலும் இரண்டு மூன்று மொழிகளில் நாற்பது ஆண்டு உழைத்த ஒருவரைக் 'கல்வி: சுழி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்க முடியாது என்பதற்கு அது போதும்.

மூன்றாவது: "நேரம் இல்லை." இதற்கு என்னிடம் எளிய மறுமொழி இல்லை. நேரமின்மை உண்மை. ஆனால் தவறான முத்திரை நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை. செலவை வீட்டுக்கு மாற்றிவிடுகிறது.

மறுமுனையையும் பார்க்க வேண்டும். இதே தாள் நன்கு படித்தவர்களை வேறு விதத்தில் ஏமாற்றுகிறது. ஓய்வுபெற்ற கணக்காசிரியர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வாங்கிய கடனை மறக்கிறார், மனைவி சொன்னதை மறக்கிறார், பழகிய வங்கிக்குப் போகும் வழியில் நிற்கிறார். மருத்துவர் முன் அமர்ந்ததும் 93, 86, 79, 72, 65 என்று ஒப்பித்து 28 பெற்றுவிடுகிறார். "எல்லாம் சரியாக இருக்கிறது, வயதானால் அப்படித்தான்" என்று அனுப்பிவைக்கப்படுகிறார். மனைவியின் சொல் எடுபடுவதில்லை. டிமென்ஷியாவின் இலக்கணமே சரிவுதான்: முன்பு இருந்த நிலையிலிருந்து இறங்குவதும், அந்த இறக்கம் அன்றாட வாழ்வைக் குலைப்பதும். நாம் அளப்பதோ ஒரு நாளின் உயரத்தை. குன்றின்மேல் பிறந்தவர் பாதி சரிந்தும் சமவெளிக்கு மேலே தெரிகிறார். சமவெளியில் பிறந்தவர் சரியாமலே பள்ளத்தில் இருப்பதாக எழுதப்படுகிறார்.

இவற்றைச் செய்துகாட்ட இந்தியாவில் ஆளில்லை என்று எவரும் சொல்ல முடியாது. தில்லியை ஒட்டிய அரியானாவின் பல்லப்கரில் மேரி கங்குலியும் உடனாய்வாளர்களும் எழுத்தறியாதவர்களுக்கென்றே இந்தி மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷனை உருவாக்கி 1995இல் வெளியிட்டார்கள். அங்கே எழுதியதைப் படிக்கச் சொல்லாமல், தேர்வாளர் தம் கண்களை மூடிக்காட்டி அவ்வாறே செய்யச் சொன்னார். ஒரு வாக்கியம் எழுதுவதற்குப் பதில், உங்கள் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லுங்கள் என்றார். வாரநாள்களைப் பின்னிருந்து சொல்வதும் அதில் உண்டு. அந்த ஆய்வுக்குட்பட்ட 5126 பேரில் 73 விழுக்காட்டினர் எழுத்தறியாதவர்கள். எழுத்தறியாமைதான் நோய் என்றால் அங்கே அல்சைமர் மலிந்திருக்க வேண்டும். அந்நாள்வரை உலகில் பதிவானவற்றில் மிகக் குறைந்த வீதங்களுள் ஒன்றே அங்கே கிடைத்தது. குறைந்ததற்கு ஆயுள், உணவு, மரபணு எனப் பல காரணங்கள் பேசப்படுகின்றன. கருவியை மாற்றிச் செய்ய முடியும் என்பதில் மட்டும் ஐயமில்லை. பாட்டிக்கு முப்பதுக்குப் பதினேழு போட்ட மேசை, அந்தக் கருவி பிறந்த ஊரிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறது.

1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் 10/66 என்ற குழுவை அமைத்தார்கள். டிமென்ஷியா உள்ளவர்களில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் வாழ, ஆய்வில் பத்து விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதில்லை என்பதே அப்பெயரின் பொருள். சென்னையும் வேலூரும் அதன் களங்கள். அவர்கள் சோதனையோடு நிற்காமல், முதியவரை நன்கறிந்த ஒருவரையும் வினவினார்கள். 2008இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளில் ஒரு பாடம் இருக்கிறது. அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் வரையறைப்படி எண்ணினால் இந்தியக் கிராமப்புறத்தில் டிமென்ஷியா 0.3 விழுக்காடு, கியூபாவில் 6.3. தம் சொந்த முறையில் எண்ணினால் எல்லாக் களங்களும் 5.6 முதல் 11.7 விழுக்காட்டுக்குள் அடங்கின. அளவுகோலை மாற்றினால் நோயே தோன்றி மறைகிறது. வீட்டாரைக் கேட்பதும் மந்திரக்கோல் அன்று என்பதையும் இந்த 0.3 உணர்த்துகிறது. முதியவரிடமிருந்து வேலை எதையும் எதிர்பாராத குடும்பம் அவருடைய சரிவைக் கவனிப்பதில்லை. கேட்டால், வயசாயிற்று என்பார்கள். எனவே, "நன்றாக இருக்கிறாரா?" என்று கேட்பதில் பயனில்லை. பத்தாண்டுக்கு முன் அவர் எதைச் செய்தார், இன்று அதை எப்படிச் செய்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

பாட்டியின் மருமகளிடம் இப்படிக் கேட்டவர் வேறொரு மருத்துவர். சீட்டுப் பணம் யார் யார் தர வேண்டும் என்று இன்றும் வாயாலேயே ஒப்பிக்கிறாரா? ஆம். கல்யாணங்களில் யார் எவ்வளவு மொய் வைத்தார்கள் என்று சொல்வாரா? பேத்தியின் சடங்குக்கு வந்தது முதல் சொல்வார். காய்க்காரனிடம் மீதிச் சில்லறை? அவரை ஏமாற்ற முடியாது. காதைச் சோதித்தார்கள். இரண்டு காதும் பெருமளவு மந்தம். கணவரை இழந்த துயரமும் இருந்தது. இன்று காதுக்கருவியோடு நடமாடுகிறார்.

ஆனால் இடைப்பட்ட நான்கு மாதங்களில் நடந்தவற்றை எந்தக் கருவியும் திருப்பித் தராது. பீரோச் சாவி அவரிடமிருந்து வாங்கப்பட்டது. சீட்டிலிருந்து விலக்கப்பட்டார். அடுப்பங்கரைக்குள் தனியாக விடவில்லை. ஊரில் இருக்கும் அரை ஏக்கருக்கு, மூளை சரியில்லாதவரின் கைரேகை செல்லுமா என்று பிள்ளைகள் அவர் எதிரிலேயே பேசிக்கொண்டார்கள். காது மந்தம் என்பதால் கேட்டிருக்காது என்று நினைத்தார்களாம். கேட்டது என்று என்னிடம் சொன்னார்.

இனி வரப்போவது இதைவிடப் பெரிது. அல்சைமருக்கான புதிய மருந்துகள் வரத் தொடங்கிவிட்டன. லெகானெமாப் மருந்தின் பெரிய சோதனையில் சேர எம்.எம்.எஸ்.இ. 22 முதல் 30 வரை இருக்க வேண்டும் என்பது விதி. அமெரிக்காவில் நான்காண்டுக்கு மேல் படிக்காதவர்களின் இடைநிலை மதிப்பெண்ணும் அதே 22 என்பதை நினைவில் கொள்ளுங்கள். அவ்வெண் மருத்துவமனைகளிலும் காப்பீட்டுத் தாள்களிலும் வாயிற்படியானால், தொடக்கநிலை நோயுள்ள படிக்காதவர் 'முற்றியவர்' என்று வாசலிலேயே திருப்பப்படுவார். பேச்சைக் கேட்டே டிமென்ஷியாவைக் கண்டுபிடிக்கும் செயற்கை நுண்ணறிவும் வந்துகொண்டிருக்கிறது. அத்துறையில் பெரிதும் பயன்படும் ஆங்கிலத் தரவு, ஒரு படத்தை விவரிக்கச் சொல்லிப் பதிந்தது: தாய் பாத்திரம் துடைக்க, தொட்டி வழிய, முக்காலியில் ஏறிய சிறுவன் பிஸ்கட் எடுக்கும் கோட்டோவியம். இன்று தாளில் இருக்கும் பிழை நாளை கைப்பேசிக்குள் போய்விட்டால் எதிர்த்துப் பேச முன்னால் ஒரு மனிதர்கூட இருக்கமாட்டார்.

எனவே வேண்டுவன இவை. மதிப்பெண்ணுக்கு அருகில், படித்த ஆண்டுகள், சோதித்த மொழி, காது, கண் ஆகிய நான்கும் எழுதப்படாத சீட்டு செல்லாது என்று மருத்துவமனைகள் விதி செய்ய வேண்டும். முதியவரை அறிந்த ஒருவரை வினவாமல் எண்ணை மட்டும் வைத்து 'டிமென்ஷியா' என்ற சொல்லை எழுதக் கூடாது. எழுத்தறியாதவர்களுக்கான கருவிகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக, அந்தந்த மொழியின் பேச்சு வழக்கில் கிடைக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய நரம்பறிதிறன் சோதனைத் தொகுதி முதலில் வந்த ஐந்து மொழிகளில் தமிழ் இல்லை, இருந்திருக்க வேண்டும். மொழியியல் துறைகளோ, மருத்துவர் அழைக்கும்வரை காத்திராமல் தாமே அவர்கள் கதவைத் தட்ட வேண்டும். அதை என்னிலிருந்து தொடங்குகிறேன்.

இதை வாசிப்போரில் நரம்பியல் மருத்துவரோ உளவியலாளரோ இருந்தால், நாளை உங்கள் மேசையில் இருக்கும் தாளை எடுத்து, பள்ளிக்கே போகாத உங்கள் பாட்டியோ அம்மாவோ நல்ல நினைவோடு இருந்த காலத்தில் அதில் எத்தனை பெற்றிருப்பார் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வீட்டில் முதியவர் இருப்போர், சீட்டில் ஓர் எண்ணைக் கண்டால் பீரோச் சாவியை வாங்குவதற்கு முன், அந்த எண் எந்த மொழியில், எந்தத் தாளில் வந்தது என்று கேளுங்கள்.